மறைகோடு

'பரிமாணம்' என்ற சொல்லை எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். சிறுபத்திரிகைகளில் பத்தாண்டுகளாக நான் எழுதிய மதிப்புரைகள் மொத்தம் பதினேழு. அவற்றில் பதினொன்றில் அது வருகிறது. ஒரு கவிதை 'புதிய பரிமாணம் பெறுகிறது'. ஒரு நாவலின் பாத்திரங்கள் 'ஒற்றைப் பரிமாணத்தில் நின்றுவிடுகின்றன'. ஒற்றைப் பரிமாணம் என்றால் கோடு. எவ்வளவு மோசமான நாவலாசிரியனாலும் ஒரு மனிதனைக் கோடாக எழுதிவிட முடியாது. தட்டையாக வேண்டுமானால் எழுதலாம். இந்தச் சின்னக் கணக்கில்கூடத் தவறிவிட்டுத்தான் ஆழம் பற்றிப் பிறருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவலைப் பற்றிச் செய்த சொற்பொழிவுகளில் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று இரண்டாகப் பிரித்தார். பி.ஏ. முதலாண்டிலேயே அதை உருப்போட்டு எழுதி மதிப்பெண் வாங்கினோம். தட்டை தாழ்ந்தது, உருண்டை உயர்ந்தது என்று அப்போது மனதில் விழுந்த முடிச்சு அதன்பின் அவிழவில்லை. ஃபார்ஸ்டர் தட்டைப் பாத்திரங்களுக்காகவும் வாதாடியிருக்கிறார் என்பதை நம் ஆசிரியர்கள் சொல்லவில்லை, அல்லது நாம் குறிப்பெடுக்கவில்லை.

முடிச்சு எனக்கு அவிழ்ந்த இடம் ஒரு லாரிப் பட்டறை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில், பத்தாண்டுகளில் மூன்று கிளைகளில் வேலை பார்த்தாயிற்று. எங்கே போனாலும் கடன் பிரிவில்தான் போடுகிறார்கள். இந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நாமக்கல் லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். கம்பெனியிலிருந்து வருவது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய சேஸிஸ். வெறும் எலும்பு. சில ஆண்டுகள் முன்புவரை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூரையும் கதவும் இல்லாத பலகையில் உட்கார்ந்து டிரைவர்கள் அதை நெடுஞ்சாலையில் ஓட்டி வருவது அன்றாடக் காட்சி. கேபினும் கூண்டும் கட்டி, சாயமடித்து, பெயரெழுதி, அதை லாரியாக்குவது இங்கேதான். திருச்செங்கோட்டில் அதே சேஸிஸின் மேல் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் ஏறுகிறது. கூடப் போகும் இன்னொரு லாரியில் கம்ப்ரஸர். இந்தியா முழுவதும், ஆப்பிரிக்காவிலும்கூட, பூமியைத் துளைக்கும் வண்டிகள் பல இந்தப் பட்டறைகளில் பிறந்தவை.

இரண்டு வருஷங்களுக்கு முன் அப்படியொரு பட்டறையிலிருந்து கடன் விண்ணப்பம் வந்தது. தகடு வளைக்கும் யந்திரம் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, அதில் ஓடும் வடிவமைப்பு மென்பொருள். பார்வையிட அதிகாரியோடு நானும் போனேன். பட்டறைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளியை ஏழாம் வகுப்போடு விட்டவர். மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளமா. அலுவலகம் என்ற பெயரில் தகரம் அடித்த ஓர் அறையில், அந்தப் பையன் எங்களுக்கு வேலையைச் செய்து காட்டினான்.

திரையில் ஒரு தட்டைப் படம். எல் எழுத்தைப்போல ஓர் உருவம், இரண்டு வட்டங்கள். பையன் ஒரு கட்டளை கொடுத்தான். படம் காகிதத்தை விட்டு எழுந்து நின்றது. தடிப்பு வந்தது, ஒரு பக்கம் நிழல் விழுந்தது, வட்டங்கள் துளைகளாயின. எலியை அசைத்ததும் முதுகைக் காட்டியது. இதற்கு 'எக்ஸ்ட்ரூட்' என்று பெயர். பட்டறையில் 'இழுக்கறது' என்கிறார்கள். இடியாப்ப நாழியில் மாவு வருகிற மாதிரிதான்: வில்லையில் உள்ள துளையின் வடிவம் தட்டை, அதன் வழியே வருவதற்கு நீளம் உண்டு. இன்னொரு கட்டளை 'ரிவால்வ்'. பாதி உருவத்தின் கோட்டை வரைந்து ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் குடமோ புனலோ கிடைக்கும். குயவன் சக்கரத்தில் செய்வதும் அதுதான். அதிகாரி வியந்தார். நானும் வியந்தேன் என்பதை மறைப்பானேன்? பக்கத்தில் இருந்த மேஸ்திரி மட்டும் வியக்கவில்லை.

"எவ்வளவு தூரம் இழுக்கோணும்னு படத்துல இருக்குதுங்களா சார்?" என்றார்.

இல்லை. அந்த எல் படத்தில் அது இல்லை. பையன் இருபது என்று தட்டினான், இருபது வந்தது. நாற்பது என்று தட்டியிருந்தால் நாற்பது வந்திருக்கும். படம் எதையும் மறுத்திருக்காது.

அங்கிருந்து திரும்பிய பிறகு சில மாதங்கள் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். கணிதத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. எனக்கு எட்டிய அளவில் சொல்கிறேன்.

திண்மமான ஒரு பொருளைத் தட்டைத் தாளில் பிழையின்றி எழுதும் முறையை ஒழுங்காக்கியவர் காஸ்பார் மான்ழ் என்ற பிரெஞ்சுக்காரர். 1760களில் மெஸியேர் ராணுவப் பள்ளியில், கோட்டை மதில்களை எதிரியின் குண்டுப் பாதையிலிருந்து மறைக்க எப்படி எழுப்புவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை அது. விடை அவ்வளவு பயனுள்ளதாக இருந்ததால் ராணுவம் அதை ரகசியமாகப் பூட்டி வைத்தது. 1795இல்தான் அவரால் பொதுவில் பாடம் நடத்த முடிந்தது, 1799இல் நூலாயிற்று. முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று இன்று எந்தப் பாலிடெக்னிக் மாணவனும் வரைவதற்கு அடிப்படை அது. ஒரு பொருளை மூன்று சுவர்களில் நிழலாக விழச் செய்து, பின் சுவர்களை மடக்கித் தரையில் படுக்க வைப்பது.

மூன்று நிழல்களைக் கொடுத்தால் பொருள் திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். மேலிருந்து வட்டம், முன்னிருந்து முக்கோணம், பக்கத்திலிருந்து சதுரம் என்று தெரியும் ஒரு பொருள் உண்டா? உண்டு. உருளையான ஒரு கட்டையின் இரு பக்கங்களைச் சாய்வாகச் சீவினால் கிடைக்கும். ஆனால் அந்த மூன்று விளிம்புருவங்களுக்கும் பொருந்துவது அது ஒன்றுதானா என்றால், இல்லை. உள்ளே குடைந்தாலும் விளிம்புருவம் மாறாது. அங்கங்கே கொஞ்சம் செதுக்கி எடுத்தாலும் மாறாமல் வைத்திருக்க முடியும்.

வெறும் கோடுகளால் ஆன கூட்டை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் வேடிக்கை. ஒரு பெரிய கனசதுரம், அதன் நடுவில் ஒரு சிறிய கனசதுரம், மூலைக்கு மூலை இணைக்கும் எட்டுக் கம்பிகள். கம்பிக் கூடாகப் பார்த்தால் ஒரே பொருள். தகடு போர்த்துங்கள் என்றால் மூன்று பொருள்கள்: நடுவில் குறுகும் துளை மேலிருந்து கீழாகப் போகலாம், இடமிருந்து வலமாகப் போகலாம், முன்னிருந்து பின்னாகப் போகலாம். எது என்று கம்பிகள் சொல்வதில்லை. 1980இல் ஜார்ஜ் மார்க்கோவ்ஸ்கி, மைக்கேல் வெஸ்லி என்ற இருவர் கம்பிக்கூட்டுக்குச் சதை பூசுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மறு வருஷம் நிழல்களுக்குச் சதை பூசுவது பற்றி இன்னொன்று. 'சதை பூசுதல்' அவர்கள் தலைப்பிலேயே வரும் சொல். அவர்களுடைய வழிமுறையின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு விடையைக் கண்டுபிடித்ததும் அது நின்றுவிடுவதில்லை. பொருந்தக்கூடிய எல்லாத் திண்மங்களையும் தேடிக் கொடுக்கிறது. இதில் எது என்பது உன் பாடு என்று யந்திரம் நம்மிடமே விட்டுவிடுகிறது. நம் விமர்சகர்களில் எத்தனை பேரிடம் இந்த அடக்கம் உண்டு?

பொருந்தும் திண்மம் எதுவுமே இல்லாத படங்களும் இருக்கின்றன. பென்ரோஸ் முக்கோணம் பலர் பார்த்திருப்பார்கள்: ஒவ்வொரு மூலையும் நியாயமாக இருக்கும், மொத்தத்தை உலகில் கட்ட முடியாது. இத்தகைய படங்களைக் கம்ப்யூட்டர் எப்படி அடையாளம் காணலாம் என்று 1971இல் டேவிட் ஹஃப்மன் எழுதிய கட்டுரையின் தலைப்பு, இயலாப் பொருள்களைப் பொருளற்ற வாக்கியங்களோடு சேர்த்து வைக்கிறது. இலக்கணம் சரி, அர்த்தம் இல்லை. ஒரு பொறியாளர் இதை எழுதினார். இலக்கியக்காரர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதெல்லாம் படித்ததில் என்னை உலுக்கியது வேறொன்று. கம்ப்யூட்டருக்குத் 'திண்மம்' என்றால் என்ன? தடிப்பா, நிழலா, சுழற்றிப் பார்க்கும் வசதியா? இவை எதுவும் போதாது. வெளியில் எந்த ஒரு புள்ளியைக் காட்டிக் கேட்டாலும், 'இது உள்ளே, இது வெளியே, இது விளிம்பின்மேல்' என்று மூன்றில் ஒரு பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியதுதான் திண்மம். தட்டைப் படத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கேட்டால் அது மௌனமாக இருக்கும். திண்மத்துக்கு மௌனம் அனுமதிக்கப்படுவதில்லை. ஆக, படத்தைத் திண்மமாக்குவது என்பது அதன் மௌனங்கள் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பதில் எழுதிக் கொடுப்பது. ஆழம் முன்பே உள்ளே இருந்தது, நாம் வெளியே எடுத்தோம் என்பது சௌகரியமான கற்பனை.

யார் எழுதிக் கொடுப்பது? பெரும்பாலும் மென்பொருளே. நாம் ஒன்றும் சொல்லாத இடத்தில் அது முன்கூட்டியே ஒரு மதிப்பை வைத்திருக்கிறது. அந்த மதிப்பு ஒரு சிறிய பெட்டியில் சாம்பல் நிறத்தில் நிற்கும். மாற்றாமல் விட்டால் அதுவே உன் தீர்மானம்.

மேஸ்திரிக்கும் மகனுக்கும் நடந்த சண்டை இதைப் பற்றியதுதான். மூன்று மில்லிமீட்டர் தகட்டை எல் மாதிரி மடிக்க வேண்டும். வெளி அளவில் ஒரு புயம் நூறு, மற்றது ஐம்பது. எவ்வளவு நீளம் வெட்டுவது? நூற்றைம்பது என்பது என்னைப் போன்றவர்களின் பதில். நூற்றைம்பது வெட்டி மடித்தால் பொருள் பெரிதாகிவிடும். தகட்டை மடிக்கும்போது மடிப்பின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. நடுவில் எங்கோ, நீளவும் செய்யாமல் சுருங்கவும் செய்யாமல், ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதன் நீளம்தான் உண்மையான நீளம். அது எங்கே இருக்கிறது என்பது தகட்டின் ஜாதியையும், அச்சின் கூர்மையையும், மடிப்பின் வளைவையும் பொறுத்தது. தடிப்பை ஒன்று என்று வைத்தால் உட்புறத்திலிருந்து பெரும்பாலும் 0.3க்கும் 0.5க்கும் இடையில் எங்காவது. உள்வளைவும் மூன்று மில்லிமீட்டர், படலம் 0.4இல் என்றால், வெட்ட வேண்டியது நூற்று நாற்பத்து நாலரை சொச்சம். பையன் பெட்டியில் இருந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டான். மேஸ்திரி எந்த எண்ணையும் நம்பாமல், அதே கட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மடித்து, மூலைமட்டம் வைத்து அளந்து, அதன்பின் மற்றதை வெட்டுகிறவர்.

"மீதி அஞ்சு எம்எம் எங்கப்பா போச்சுன்னு கேட்டான் சார். எங்கயும் போகலை, தகட்டுக்குள்ளயேதான் இருக்குதுன்னேன். பேப்பருக்குத் தடிப்பு இல்லீங்க. தகட்டுக்கு இருக்குதுங்களே."

பிளேட்டோ தன் 'குடியரசு' நூலின் பத்தாவது பகுதியில் கட்டிலை உதாரணமாக வைத்து ஓவியனைக் குற்றம் சாட்டுகிறார். முதலில் கட்டிலின் கருத்து, அடுத்து தச்சன் செய்யும் கட்டில், அதற்கும் கீழே ஓவியன் வரைவது. உண்மையிலிருந்து மூன்றாம் படியில் படம். அவர் எந்தத் தச்சுப் பட்டறைக்கும் அதிக நேரம் போயிருக்க மாட்டார் என்று எனக்குச் சந்தேகம். பட்டறையில் படம்தான் முதலில், கட்டில் பிறகு. தவறு நேர்ந்தால் கட்டிலைத்தான் கழிக்கிறார்கள். ஆனால் இதற்காகப் படம் உயர்ந்தது என்று கொடி பிடிக்கவும் நான் தயாரில்லை. நம் சில்ப நூல்கள் இதை வேறு விதமாக வகுத்திருக்கின்றன. முழுதாக, எல்லாப் பக்கமும் வடித்த உருவத்துக்குத்தான் அவற்றில் 'சித்திரம்' என்று பெயர். பாறையிலிருந்து பாதி மட்டும் வெளிவந்த புடைப்புருவம் 'அர்த்த சித்திரம்'. சுவரிலோ பலகையிலோ தீட்டியது 'சித்திராபாசம்', அதாவது சித்திரம்போலத் தோன்றுவது. இன்று நாம் சித்திரம் என்று சொல்வது அவர்களுக்குச் சித்திரத்தின் தோற்ற மயக்கம். ஒரு சொல் திண்மத்திலிருந்து தட்டைக்கு நகர்ந்து வந்திருக்கிறது. யாரும் துக்கம் அனுஷ்டிக்கவில்லை. இந்தக் கணக்கில் பையனின் திரையில் சுழலும் உருவம் எது? திரை தட்டை. சுழல்வது ஆபாசம்தான், ஆனால் எந்தப் புள்ளியைக் கேட்டாலும் உள்ளா வெளியா என்று பதில் சொல்லும் ஆபாசம். சில்பிகளின் மூன்று அறைகளிலும் அது அடங்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாமக்கல் மலையடிவாரத்துக்கு ஒரு மாலை போனேன். நரசிம்மர் குடைவரை எட்டாம் நூற்றாண்டு, அதியர் காலத்தது. பல முறை பார்த்ததுதான். இரணிய வதம், வராகம், உலகளந்த பெருமாள், எல்லாம் அர்த்த சித்திரங்கள். உலகளந்தவரின் தூக்கிய கால் நம்மை நோக்கி வரவில்லை. பாறையின் தளத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் உயர்கிறது. மூவுலகையும் அளக்கும் கால், பாறையின் ஆழத்துக்குக் கட்டுப்பட்டுத் தட்டையாக விரிகிறது. ஆனாலும் யாருக்கும் அது தட்டையாகப் படுவதில்லை. பின்பக்கம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. பின்பக்கம் மலை. சிற்பி எங்கே நிறுத்தினானோ அங்கிருந்து மலை தொடங்குகிறது. உருவம் அங்கே முடிகிறதா, மலைக்குள் தொடர்கிறதா என்பதை அவன் சொல்லாமல் விட்டிருக்கிறான். அதைக் குறையாக என்னால் நினைக்க முடியவில்லை.

இதற்கு நேர் எதிரானது தாரமங்கலத்தில் இருக்கிறது. கைலாசநாதர் கோயில் தூணொன்றில், யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. முன்தோற்றம், பக்கத்தோற்றம் என்று வெளியிலிருந்து எத்தனை படம் வரைந்தாலும், அந்த உருண்டை நாக்கோடு ஒட்டியிருக்கிறதா தனித்திருக்கிறதா என்பது தெரியாது. அறுத்துக் காட்டும் படம் வேண்டும், இல்லையென்றால் விரல் வேண்டும். வழிகாட்டிகள் எல்லோரையும் விரலை விடச் சொல்கிறார்கள். அந்த உருண்டையைத் தொட்டவர்களுக்கு 'பரிமாணம்' என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொறியியல் படத்தில் கண்ணுக்குத் தெரியாத விளிம்பைக் காட்ட ஒரு கோடு உண்டு. விட்டுவிட்டுப் போகும் கோடு, மறைகோடு. இங்கே ஒன்று இருக்கிறது, ஆனால் நீ நிற்கும் இடத்திலிருந்து அது தெரியாது என்பது அதன் பொருள். இவ்வளவு கண்ணியமான ஒரு குறி நம் எழுத்தில் இல்லை. மூன்று புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றை நாம் பெருமூச்சுக்குத்தான் செலவழித்துவிட்டோம்.

மறைகோட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேஸ்திரி ஒரு கதை சொன்னார். வெளிநாட்டுப் படம் ஒன்று கைபேசியில் புகைப்படமாக வந்திருக்கிறது. ரிக்கின் கீழே பூட்டும் ஒரு தாங்கி. தோற்றங்களைத் தாளில் அடுக்குவதில் உலகில் இரண்டு மரபுகள் உண்டு. நம் நாட்டுத் தர நிர்ணயம் சொல்வது முதற்கோண முறை. இடப்பக்கத்திலிருந்து பார்த்ததை வலப்பக்கம் வரைவோம். அமெரிக்கர்களுக்கு மூன்றாம் கோண முறை. வலப்பக்கத்திலிருந்து பார்த்ததை வலப்பக்கமே வரைவார்கள். எந்த மரபு என்பதைத் தாளின் மூலையில் தலை வெட்டிய கூம்பு ஒன்றும் இரண்டு வட்டங்களுமாக ஒரு சின்னக் குறி சொல்லும். புகைப்படம் எடுத்தவர் அந்த மூலையை விட்டுவிட்டார். படத்தில் மறைகோடுகளும் போடப்படவில்லை. போட்டிருந்தால் முரண் தெரிந்திருக்கும். பையன் நம் மரபில் படித்தான். கம்ப்யூட்டரில் திண்மம் அழகாக எழுந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ஏனென்றால் பிழை எதுவும் இல்லை. பன்னிரண்டு தாங்கிகள் வெட்டி, மடித்து, வெல்டிங் செய்து முடித்த பிறகுதான் முன்பின் மாறி, வலக்கைக்குப் பதில் இடக்கை வந்திருப்பது தெரிந்தது. அளவுகள் எல்லாம் மிகச் சரி. பன்னிரண்டும் இன்னும் பட்டறை மூலையில் கிடக்கின்றன. வெயிற்காலத்தில் நாய் படுத்துக்கொள்கிறது.

நான் மேஸ்திரியின் பக்கம் சாய்ந்து, யந்திரத்தைப் பழித்து, கைத்தொழிலுக்கு ஓர் இரங்கற்பா பாடப்போகிறேன் என்று யாராவது நினைத்தால், அது இல்லை. மேஸ்திரியே கடன் கேட்டு வந்தது அந்தக் கம்ப்யூட்டருக்காகத்தான். கையில் கணக்கு வைத்திருந்த காலத்திலும் இடக்கை வலக்கை மாறியிருக்கிறது என்றும் அவரே சொன்னார். முன்னெல்லாம் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அதன்மேல் தகட்டைப் போட்டுப் பார்ப்பார்களாம். தவறு நேர்ந்தால் தரை அழியாமல் இருக்கும்வரை யார் எங்கே தவறினான் என்று தெரியும். திரையில் தவறு தெரிவதில்லை, யார் தீர்மானித்தது என்பதும் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்றார். எனக்கு அது சின்ன வித்தியாசமாகப் படவில்லை.

இனி என் சமாச்சாரம்.

விமர்சகன் செய்வதும் இதே வேலை. தாளில் தட்டையாகக் கிடக்கும் பதினைந்து வரிகளைப் படித்து அதற்கு முதுகு கொடுக்கிறேன். கவிஞன் சொல்லாத இடத்தில் நான் பதில் எழுதுகிறேன். இதைச் செய்யாமல் வாசிக்கவே முடியாது என்பது உண்மை. நெக்கர் என்ற ஸ்விஸ் படிகவியலார் 1832இல் காட்டிய கனசதுரக் கோட்டுப் படத்தைப் பாருங்கள். கண் அதை ஒரு கணம்கூடத் தட்டையாக விட்டு வைப்பதில்லை. முன்னே, பின்னே என்று மாற்றி மாற்றிப் புரட்டுகிறது. கண்ணுக்கே மௌனம் தாங்கவில்லை. ஆனால் கண் இரண்டையும் காட்டுகிறது. ஒன்றில் நிலைத்து நின்று மற்றதைப் பொய் என்று சொல்வதில்லை. நான் சொல்லியிருக்கிறேன். பதினொரு மதிப்புரைகளில், என் பெட்டியில் சாம்பல் நிறத்தில் கிடந்த மதிப்பைக் கவிதையின் ஆழம் என்று எழுதியிருக்கிறேன். அந்த மதிப்பு பெரும்பாலும் நான் கடைசியாகப் படித்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வந்தது. வேறு சில கவிதைகளை, மறுபக்கம் இல்லை என்று தள்ளினேன். மலையோடு ஒட்டி நின்ற அர்த்த சித்திரங்களைச் சுற்றி வர இடமில்லையே என்று குறை கண்டது மாதிரி.

கவிதைக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. இந்தப் பத்திரிகையை இருநூறு பேர் வாசிப்பார்கள். அவர்களில் பலர் என்னை நம்புவதில்லை. கடன் கோப்பு அப்படியல்ல.

அந்தப் பட்டறைக்கு நாங்கள் போவதற்கு நான்கு வருஷங்கள் முன்பு, வேறொரு கிளையில், இதே மேஸ்திரியின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்திருக்கிறது. எனக்கு நினைவில்லை. பேச்சோடு பேச்சாக அவர்தான் சொன்னார், குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லாமல், எந்த வருஷம் எந்த பஸ்ஸில் போனோம் என்று சொல்கிற மாதிரி. பழைய நகலை அவர் பையில் வைத்திருந்தார். என் கையெழுத்து. அவருடைய நடப்புக் கணக்கில் பதினான்கு மாதங்கள் எந்த வரவும் இல்லை. கோப்பில் அதற்கு விளக்கமும் இல்லை. அந்த இடத்தில் நான் எழுதியிருந்தேன்: 'தொழில் தொடர்ச்சியற்றது. விண்ணப்பதாரருக்கு வேறு ஈடுபாடுகள் இருக்கக்கூடும்.' நல்ல வாக்கியம். மதிப்புரையில் வந்திருக்க வேண்டியது. ஒரு முன்தோற்றத்தையும் ஒரு பக்கத்தோற்றத்தையும் வைத்துக்கொண்டு நான் ஒரு முழு மனிதனை இழுத்து நிறுத்தியிருக்கிறேன்; யாரும் மறுக்கவில்லை, கடன் நிராகரிக்கப்பட்டது. அவர் வெளியில் ஃபைனான்ஸில் வாங்கினார். என்ன வட்டி என்று நான் கேட்டேன், அவர் சிரித்தார்.

அந்தப் பதினான்கு மாதங்கள் என்ன நடந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். கேட்டு, அந்த இடத்தைச் சரியான பதிலால் நிரப்பி, முன்பு நிரப்பியதை அழித்துவிட்டேன் என்று நிம்மதியடையும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. இது நேர்மையா, கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை. நண்பர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு நான் எழுதிய குறிப்பில், பழைய இடைவெளி பற்றிய கட்டத்தில், ஒரு மறைகோடு போட்டு வைத்தேன். பேனாவால், அளவுகோல் வைத்து, விட்டுவிட்டு. கோப்பு மேலே போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் 'நிரப்பவும்' என்று ஒரு சொல். மேஸ்திரிக்குப் போன் செய்தேன். பட்டறையில் சத்தம் அதிகம். தகடு அறுக்கும் சத்தத்துக்கு நடுவில், "சொல்லுங்க சார், என்னங்க வேணும்?" என்று அவர் கத்துவது கேட்டது.